வாசகர் கேள்வி – பதில்: ஹாமில்டன் அரண்மனையை இடித்தது யார்?

சென்ற இதழில், பிரிட்டனில் இருபதாம் நூற்றாண்டில் இடிக்கப்பட்ட பெரிய மாளிகைகளைப் பற்றி எழுதும்போது ஸ்காட்லாந்தின் ஹாமில்டன் அரண்மனையை ஒரே வரியில் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் கேட்கின்றன. எனவே இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: வாஷிங்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அங்குள்ள தேசிய ஓவியக்கூடத்தில் நெப்போலியன் படம் ஒன்றைப் பார்த்தோம். சட்டைக்குள் ஒரு கையைச் செருகிக்கொண்டு நிற்பாரே, அதே படம்தான். அதை வரையச் சொன்னது ஒரு ஸ்காட்லாந்து பிரபுவாமே? நெப்போலியன் இவர்களுக்கு எதிரிதானே? அந்தப் பிரபுவின் அரண்மனை இப்போது இல்லை என்று எழுதியிருந்தீர்கள். என்ன ஆயிற்று? — ஒரு வாசகி, சேலம்

ஆமாம் அம்மா, எதிரிதான். ழாக் லூயி டேவிட் அந்தப் படத்தை வரைந்தது 1812இல். பிரிட்டனும் பிரான்ஸும் கடும் போரில் இருந்த நேரம் அது. அடுத்த முறை போனால் நெப்போலியனை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் இருக்கும் கடிகாரத்தைப் பாருங்கள். மணி 4.13. விடியற்காலை. மெழுகுவத்திகள் உருகித் தீரப்போகின்றன, மேசையில் சுருட்டி வைத்த காகிதம் அவர் எழுதிக்கொண்டிருந்த சட்டத்தொகுப்பு. ஊரே தூங்கும்போது மக்களுக்காகக் கண்விழிக்கிறாராம். இப்படி ஒரு படத்தைக் காசு கொடுத்து வரவழைத்தவர் அலெக்சாண்டர் ஹாமில்டன், பிற்காலத்தில் பத்தாவது ஹாமில்டன் டியூக் ஆனவர். ரஷ்யாவில் பிரிட்டிஷ் தூதராக இருந்தவர், நெப்போலியன் மீது தீராத மோகம் கொண்டவர், தன் வம்சத்துக்கு ஸ்காட்லாந்து அரியணை மீதே பாத்தியதை உண்டு என்று மனதார நம்பியவர். அப்படி நம்புகிறவருக்குச் சாதாரண வீடு போதுமா?

வீடு ஏற்கெனவே பெரியதுதான். கிளாஸ்கோவிலிருந்து தென்கிழக்கே சுமார் 18 கிலோமீட்டரில் ஹாமில்டன் என்று ஒரு ஊர். ஊருக்கும் கிளைடு ஆற்றுக்கும் நடுவில், தாழ்வான புல்வெளியில் அரண்மனை. அதற்கு உருவம் கொடுத்தவர் ஒரு பெண்: ஆன் சீமாட்டி (1632–1716). அவருடைய அப்பா, முதல் டியூக், மன்னர் சார்லஸின் பக்கம் நின்றதற்காக 1649இல் தலை வெட்டப்பட்டார். அடுத்து டியூக் ஆன சித்தப்பா 1651இல் வூஸ்டர் போரில் பட்ட காயத்தால் இறந்தார். நிலமெல்லாம் மன்னரை வீழ்த்திய கிராம்வெல் அரசின் கையில், குடும்பத்தின் தலையில் மலைபோல் கடன். இந்த நிலையில் பட்டத்துக்கு வந்த இளம்பெண், கணவரோடு சேர்ந்து சொத்தை மீட்டு, கடனை அடைத்து, அப்புறம் 1684இல் ஜேம்ஸ் ஸ்மித் என்ற கட்டடக் கலைஞரை வைத்துப் பழைய வீட்டைத் திருத்திக் கட்டத் தொடங்கினார். வேலை முடிய 1701 ஆகிவிட்டது. அதற்குள் கணவர் காலமாகிவிட்டார். இந்த வம்சத்தில் யார் மீதாவது எனக்கு முழு மரியாதை உண்டென்றால் அது இந்த அம்மையார் மீதுதான்.

பத்தாவது டியூக் 1820களில் இதன் வடபுறத்தில் முற்றிலும் புதிய முகப்பைச் சேர்த்தார். கட்டியவர் பெயர் டேவிட் ஹாமில்டன், உறவினர் அல்ல. நீளம் 264 அடி, உயரம் 60 அடி. வாசல் மண்டபத்தின் தூண்கள் ஒவ்வொன்றும் 25 அடி உயரம், மூன்றடிக்கு மேல் குறுக்களவு, ஒவ்வொன்றும் ஒரே கல். கல் எடுத்த இடத்திலிருந்து அவற்றைக் கொண்டுவர தனியாக ஒரு வண்டி செய்து, 30 குதிரைகளைப் பூட்டி இழுத்தார்கள். உள்ளே சார்லஸ் மன்னர் முதல் டியூக்குக்குக் கொடுத்த ரூபென்ஸின் ‘சிங்கக் குகையில் தானியேல்’, மரி அந்துவானெத் அரசிக்காகச் செய்த மேசை நாற்காலிகள், டான்டேயின் காவியத்துக்குப் போத்திசெல்லி வரைந்த சித்திரங்கள். டியூக்கின் மனைவி சூசன், வில்லியம் பெக்ஃபோர்டின் மகள். ஐரோப்பாவே பேசிய அவருடைய நூலகமும் அவர் இறந்தபின் இங்கே வந்து சேர்ந்தது. பெக்ஃபோர்டின் பணம் எங்கிருந்து வந்தது என்றால், ஜமைக்காவில் அடிமைகளை வைத்து நடத்திய கரும்புத் தோட்டங்களிலிருந்து. அந்த நூலகத்தை வியந்து எழுதுகிறவர்கள் பலர் இதைச் சொல்லாமல் தாண்டிப் போகிறார்கள். சொல்ல வேண்டும்.

சரி, எப்படி அழிந்தது? முதல் அடி 1882இல் விழுந்தது. பன்னிரண்டாவது டியூக் குதிரைப் பந்தயப் பிரியர். 1867இல் கிராண்ட் நேஷனல் பந்தயத்தை வென்ற குதிரை இவருடையது. பந்தயமும் சூதாட்டமுமாய்க் கடன் ஏறிக்கொண்டே போக, வீட்டுப் பொருள்களை லண்டனில் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு அனுப்பினார். 17 நாள் ஏலம், 2,213 உருப்படிகள், மொத்தம் 3,97,562 பவுண்ட். பெர்லின், நியூயார்க், பாரிஸ் என்று திசைக்கொன்றாய்ப் போயின. கையெழுத்துப் பிரதிகளை மொத்தமாகப் பிரஷ்ய அரசு வாங்கிக்கொண்டது. தாமஸ் அன்னன் என்ற கிளாஸ்கோ புகைப்படக்காரர் அந்தச் சமயத்தில் அறை அறையாக எடுத்து வைத்த படங்கள் மட்டும் இல்லையென்றால், உள்ளே என்ன எங்கே இருந்தது என்று இன்று யாருக்கும் தெரிந்திருக்காது.

காலியான அரண்மனை இன்னும் முப்பது நாற்பது ஆண்டு நின்றது. முதல் உலகப் போரில் கடற்படையினருக்கு மருத்துவமனை ஆயிற்று. போர் முடிந்ததும், 1919இல், மிச்சமிருந்ததையும் ஏலம் விட்டார்கள். 1920களில் கட்டடத்தையே இடித்துத் தள்ளினார்கள். காரணம், தரைக்கு அடியில் இருந்த நிலக்கரி.

கேள்வி: நிலக்கரிக்காக அரண்மனையை இடித்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சுரங்கம் பல நூறு அடி ஆழத்தில் அல்லவா இருக்கும்? மேலே இருக்கும் கட்டடத்துக்கு என்ன வந்தது? அதன் அடியில் மட்டும் தோண்டாமல் விட்டிருக்கலாமே? — ஒரு வாசகர், நெய்வேலி

நெய்வேலியிலிருந்து இந்தக் கேள்வி வருவது பொருத்தம்தான். உங்கள் ஊரில் மேலிருந்து மண்ணை அகற்றிவிட்டு எடுக்கிறார்கள். ஹாமில்டன் இருக்கும் மாவட்டமான லானார்க்‌ஷயரில் கரி ஆழத்தில், அடுக்கடுக்காக இருந்தது. செங்குத்தாகக் குழி இறக்கி, பக்கவாட்டில் குடைந்து போனார்கள்.

குடைவதில் இரண்டு வழி. ஒன்று, நடுநடுவே கரித் தூண்களை விட்டுவிட்டுச் சுற்றிலும் எடுப்பது. தூண் கூரையைத் தாங்கும், ஆனால் தூணில் உள்ள கரி போனது போனதுதான். இன்னொன்று, ஒரு பக்கமிருந்து முழுசாகச் சுரண்டிக்கொண்டே போய்ப் பின்னால் கூரையை இடிந்து விழ விடுவது. இரண்டாவதில் மேலே உள்ள தரை கொஞ்ச நாளில் இறங்கும். ஒரே சீராக இறங்கினால்கூடப் பரவாயில்லை, ஒரு மூலை முந்தியும் ஒரு மூலை பிந்தியும் இறங்கும்போதுதான் சுவர் பிளக்கும். தூண் விட்டு எடுக்கும் முறையிலும், கடைசியில் ஆசை மிகுந்து அந்தத் தூண்களையும் உருவினால் இதே கதைதான்.

ஒரு முக்கியமான கட்டடத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதன் அடியில் ஒரு பெரிய கரிப் பாளத்தைத் தொடாமல் விட வேண்டும். கட்டடத்தின் அளவுக்கு விட்டால் போதாது. பக்கத்தில் எடுக்கும் கரியின் பாதிப்பு சாய்வாக மேலேறி வரும் என்பதால், ஆழம் கூடக்கூட அந்தப் பாளத்தின் அகலமும் கூட வேண்டும். அவ்வளவு கரியும் காசு. அந்தக் காலத்து பிரிட்டனில் நிலத்தின் சொந்தக்காரருக்கே அடியில் உள்ள கரியும் சொந்தம். தோண்டும் கம்பெனி டன்னுக்கு இவ்வளவு என்று அவருக்கு ராயல்டி கட்ட வேண்டும். ஆக, தோண்டாமல் விடு என்று சொல்லியிருக்க வேண்டியவரும், தோண்டினால் வரவு பெறுகிறவரும் ஒரே ஆள்.

1895இல் பன்னிரண்டாவது டியூக் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். பட்டம் தூரத்து உறவினரான ஒரு கடற்படை அதிகாரிக்குப் போயிற்று. கூடவே கடனும் போயிற்று. எஸ்டேட் டிரஸ்டிகளின் கையில். முதல் உலகப் போர்க் காலத்தில் அந்த டிரஸ்டிகள் அரண்மனைப் புல்வெளியின் அடியிலும் கரி எடுக்கச் சம்மதித்தார்கள். புது டியூக்கின் குடும்பம் அங்கே வசிக்கவே இல்லை. அவ்வளவு பெரிய வீட்டைக் கட்டி மேய்க்க ஆளும் இல்லை, பணமும் இல்லை, விருப்பமும் இல்லை. ‘தரை இறங்குகிறது, ஆபத்து’ என்று சொன்னபோது எதிர்த்துக் குரல் கொடுக்க யாரும் இல்லாமல் போனார்கள்.

என் கருத்தைக் கேட்டால், இடித்திருக்க வேண்டியதில்லை. அதே புல்வெளியில், அரண்மனைக்குக் கூப்பிடு தூரத்தில் பத்தாவது டியூக் தனக்காகக் கட்டிக்கொண்ட கல்லறை மாளிகை 120 அடி உயரத்துக்கு நிற்கிறது. அதன் அடியிலும் தரை பல அடி இறங்கியது. கட்டடம் அப்படியே சேர்ந்து இறங்கி, இன்றுவரை விழாமல் இருக்கிறது. 264 அடி நீள அரண்மனையும் அதுபோல் தாக்குப்பிடித்திருக்கும் என்று சொல்ல முடியாதுதான், நீளமான கட்டடம் எளிதில் முறியும். ஆனால் பழுது பார்த்து, ஆன் சீமாட்டி கட்டிய தென்பகுதியையாவது வைத்திருக்கலாம். முயன்றே பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

கேள்வி: அந்தக் கல்லறை மாளிகையில் ஓர் எகிப்திய மம்மி இருந்ததாகப் படித்தேன். உண்மையா? — ஒரு மாணவி, கும்பகோணம்

மம்மி அந்த டியூக்கேதான் அம்மா. எகிப்தின் தாலமி அரசர்கள் காலத்துக் கல்சவப்பெட்டி ஒன்றைப் பிரிட்டிஷ் மியூசியத்துக்காக வாங்கினார், அப்புறம் தனக்கே வைத்துக்கொண்டார். 1852இல் இறந்ததும், தாமஸ் பெட்டிகுரூ என்ற மருத்துவர் அவர் உடலை எகிப்திய முறையில் பதப்படுத்த, அந்தப் பெட்டியிலேயே வைத்தார்கள். பெட்டி ஒரு பெண்ணுக்காகச் செய்தது, டியூக் நெட்டை, காலை உடைத்துத்தான் உள்ளே வைத்தார்கள் என்று ஊரில் ஒரு கதை உலவுகிறது. கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மாளிகைக்கு வெளியே இரண்டு கல் சிங்கங்கள். ஒன்று விழித்திருக்கிறது, ஒன்று தூங்குகிறது. வெண்கலக் கதவுகள், ஃப்ளாரன்ஸ் நகர ஞானஸ்நானக் கோயிலின் புகழ்பெற்ற கதவுகளைப் பார்த்து வார்த்தவை. உள்ளே தேவாலயமாகப் பயன்படுத்த நினைத்தார்கள். முடியவில்லை. கதவை ஓங்கிச் சாத்தினால் அந்த ஓசை அடங்க 15 விநாடி ஆகும். பாதிரியார் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் அதற்கு முந்தைய வாக்கியங்கள் மேலே சுற்றிக்கொண்டிருக்கும். உலகத்திலேயே நீளமான எதிரொலி உள்ள கட்டடம் என்ற பெயர் வெகுகாலம் இதற்கே இருந்தது. பின்னர் ஸ்காட்லாந்திலேயே இன்சின்டவுன் என்ற இடத்திலுள்ள பழைய எண்ணெய்த் தொட்டி அதை முறியடித்தது.

தரை இறங்கியதாலும் ஆற்று வெள்ளத்தாலும் 1921இல் உள்ளேயிருந்த உடல்களை எல்லாம் எடுத்து மாற்றினார்கள். பத்தாவது டியூக் இப்போது ஹாமில்டன் ஊரின் பென்ட் இடுகாட்டில், அதே எகிப்தியப் பெட்டியில் இருக்கிறார்.

கேள்வி: அடுத்த கோடையில் கிளாஸ்கோ போகிறோம். பார்க்க ஏதாவது மிச்சம் உண்டா? — ஒரு தம்பதி, கோயம்புத்தூர்

தாராளமாக உண்டு, ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்கள். அரண்மனை நின்ற இடத்தில் எதுவும் கிடையாது. கல்லறை மாளிகையைப் பாருங்கள். அப்புறம் கட்டாயம் ஷாட்டெல்ஹெரோ போங்கள். அரண்மனையிலிருந்து தெற்கே மேட்டின் உச்சியில், சுமார் மூன்று மைல் நீள மரச்சாலையின் முடிவில், வில்லியம் ஆடம் 1730களில் கட்டிய வேட்டை மாளிகை அது. தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய அரண்மனை மாதிரி தெரியும். கிட்டே போனால் இரண்டு கட்டடங்களும் நடுவில் ஒரு வாயிற்சுவரும்தான். ஒரு பக்கம் டியூக்கின் விருந்து அறைகள், இன்னொரு பக்கம் நாய்க்கொட்டில், வேலையாட்கள் அறைகள். அரண்மனை ஜன்னலிலிருந்து பார்க்கும்போது அழகாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த முகப்பு. சுரங்கத்தால் இதுவும் சாய்ந்தது. மேற்கூரை இல்லாமல் பாழடைந்து கிடந்ததைச் செப்பனிட்டு 1987இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். சாய்வைச் சரிசெய்யாமல் விட்டிருக்கிறார்கள். அறைக்குள் நடக்கும்போது கால் தானாக ஒரு பக்கம் இழுக்கும். சுரங்கம் என்ன செய்யும் என்பதைப் புத்தகத்தில் படிப்பதைவிட அங்கே நாலு அடி நடந்தால் விளங்கிவிடும். பின்புறக் காட்டில் பல நூற்றாண்டு வயதான ஓக் மரங்கள் இருக்கின்றன. அதற்கும் நேரம் வையுங்கள்.

எடின்பரோ போனால் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் அரண்மனையின் மரவேலைப்பாடுகள் சில உள்ளன. சாப்பாட்டு அறையின் ஓக் பலகைச் சுவர்கள் அமெரிக்கா போய், பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் சேர்ந்தன.

கேள்வி: அந்த டியூக் குடும்பம் இப்போதும் இருக்கிறதா? — ஒரு வாசகர், திருநெல்வேலி

இருக்கிறது. 1946 வாக்கில் எடின்பரோவுக்குக் கிழக்கே லெனாக்ஸ்லவ் என்ற மாளிகையை வாங்கிக்கொண்டு, மிஞ்சிய பொருள்களோடு அங்கே போனார்கள். பதினான்காவது டியூக், பட்டத்துக்கு வருமுன், இந்தியாவுக்கு வந்தவர். 1933 ஏப்ரல் 3ஆம் தேதி பீகாரின் பூர்ணியாவிலிருந்து கிளம்பி எவரெஸ்ட் சிகரத்துக்கு மேலே முதன்முதலாகப் பறந்த இரண்டு விமானங்களில் ஒன்றை ஓட்டியவர். 1941 மே 10ஆம் தேதி இரவு ஹிட்லரின் துணைத்தலைவர் ருடால்ஃப் ஹெஸ் தனியே விமானம் ஓட்டிவந்து ஸ்காட்லாந்தில் பாராசூட்டில் குதித்தாரே, சமாதானம் பேசத் தேடி வந்தது இவரைத்தான். அவர் குறிவைத்த டங்கேவல் மாளிகை, அரண்மனையைக் கைவிட்டபின் குடும்பம் தங்கிய வேட்டை வீடு. அது பின்னால் நிலக்கரி வாரியத்தின் கைக்குப் போய், சிறையாகி, 2001 முதல் குடியேறிகளை அடைத்துவைக்கும் முகாம்.

கேள்வி: அரண்மனைக்காக இவ்வளவு வருத்தப்படுகிறீர்கள். கரி வெட்டியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டீர்களா? — ஒரு தொழிற்சங்கத் தோழர், திருச்சி

சொல்லாமல் விடமாட்டேன், தோழர். கேட்டதற்கு நன்றி. ஹாமில்டனை ஒட்டிய பிளான்டயரில் 1877 அக்டோபர் 22ஆம் தேதி சுரங்க வாயு வெடித்து 207 பேர் செத்தார்கள். ஸ்காட்லாந்தில் அதைவிடப் பெரிய சுரங்க விபத்து இன்றுவரை இல்லை. பத்து ஆண்டு கழித்து, 1887 மே 28ஆம் தேதி, ஹாமில்டனிலேயே உட்ஸ்டன் சுரங்கத்தில் 73 பேர். அரண்மனை ஏலம் இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்தது. ஏலச் செய்தி பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வந்தபோது பிளான்டயரில் விதவைகளும் அப்பா இல்லாத பிள்ளைகளும் நிறைந்த தெருக்கள் இருந்தன.

அரண்மனைப் பெயரையே சூட்டிக்கொண்ட சுரங்கம் ஒன்றும் உண்டு: ஹாமில்டன் பேலஸ் காலியரி. 1880களில் பென்ட் கம்பெனி ஆற்றுக்கு அந்தக் கரையில் தொடங்கியது. தொழிலாளர்களுக்காக பாத்வெல்ஹா என்று ஒரு கிராமத்தையும் கட்டியது. வரிசை வரிசையாக ஓரறை, ஈரறை வீடுகள். சுரங்கத்தின் பெயரை வைத்து அந்தக் கிராமத்தையே ‘பேலஸ்’ என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

1919இல், மிச்சப் பொருள்கள் ஏலம் போன அதே ஆண்டு, நிலக்கரித் தொழிலை விசாரிக்க லண்டனில் சாங்கி ஆணையம் உட்கார்ந்தது. அதன் உறுப்பினர்களில் ஒருவர் ராபர்ட் ஸ்மைலி. ஹாமில்டனுக்குப் பக்கத்து லார்க்ஹாலில் கரி வெட்டி, சங்கம் கட்டி, சுரங்கத் தொழிலாளர் சம்மேளனத்தின் தலைவரானவர். பெரிய டியூக்குகளைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தி, ‘உங்கள் காலடியில் இருக்கும் கரி உங்களுடையது என்பதற்குப் பத்திரம் எங்கே?’ என்கிற கேள்வியை நேருக்கு நேர் கேட்டார். நிலத்தடிக் கரி முழுக்க அரசுடைமை என்று சட்டம் வர 1938 ஆயிற்று. அதற்குள் ஹாமில்டன் அரண்மனை போய்ப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தச் சட்டம் இருபது ஆண்டு முன்னாலேயே வந்திருந்தால் தொழிலாளிக்கும் நல்லது நடந்திருக்கும், ராயல்டிக்காக அரண்மனையின் அடிமண்ணைப் பறிக்க டிரஸ்டிகளுக்கும் காரணம் இருந்திருக்காது என்று நான் நினைக்கிறேன். ஆகவே அரண்மனைக்காக வருத்தப்படுவதும் தொழிலாளிக்காக வருத்தப்படுவதும் எனக்கு வேறு வேறாகத் தெரியவில்லை.

ஹாமில்டன் பேலஸ் சுரங்கம் 1959இல் மூடப்பட்டது. 1960களின் நடுவில் பாத்வெல்ஹா கிராமத்தையும் காலிசெய்து இடித்தார்கள். அடுத்த பத்தாண்டில் அந்தப் பள்ளத்தில் ஸ்ட்ராத்கிளைடு ஏரியை உண்டாக்கினார்கள், படகுப் போட்டிகள் நடக்கும் ஏரி. கிராமத்தின் பெரும்பகுதி அதன் அடியில்தான். பழைய டியூக்குகளின் புல்வெளியை ஊடறுத்துக்கொண்டு எம்74 நெடுஞ்சாலை ஓடுகிறது. கோவைத் தம்பதி கிளாஸ்கோவிலிருந்து அந்தச் சாலையில்தான் வருவார்கள்.